பிள்ளைகள் செய்யும் பொங்கல் வாழ்த்து

இவ்விதழ் உங்கள் இல்லம் வந்து சேரும்போது மார்கழி பாதி கடந்திருக்கும். நாம் சிறுவராய் இருந்த நாளில், ஊர்க் கடைவீதியில் இந்நாட்களில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். கரும்பும் பானையும் ஒருபுறம்; திரைப்பட நடிகர்கள் மறுபுறம். எந்த மாமாவுக்கு எந்த நடிகர் என்று தேர்ந்தெடுப்பதே பெரிய வேலை. அவ்வழக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. கைப்பேசியில் வந்த படத்தை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதோடு வாழ்த்து முடிந்துவிடுகிறது.

கடையில் அட்டை இல்லையேல் பிள்ளைகளே செய்யட்டும் என்பது நம் கருத்து. ஆயினும் இதில் நாம் செய்த பிழையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஈராண்டுகளுக்கு முன், ஏழு வயதான நம் மகள், திருநெல்வேலியில் இருக்கும் தன் ஆச்சிக்கு ஓர் அட்டை செய்தாள். இங்கே நாகபுரியில் மராத்திப் பள்ளியில் படிப்பவள். தமிழெழுத்து வீட்டில் கற்றது. அட்டையில் பானை இருந்தது. அருகில் பச்சைக் கரும்பு. சாறு பிழியும் வண்டியில் அவள் கண்ட கரும்பு அதுதானே! கதிரவனுக்குப் பக்கத்தில், இன்னும் வண்ணம் இடாத பட்டம் ஒன்று வாலுடன் பறந்தது. சங்கராந்தியன்று இந்நகர வானம் முழுதும் பட்டமாகவே இருக்கும். கீழே ‘பொங்கல் வாள்த்து’ என்று எழுதியிருந்தாள். மராத்தியில் ளகரம் உண்டு, ழகரம் இல்லை. நம் ஊர்ப்பக்கத்துப் பேச்சும் அதற்கு ஒத்தாசை.

நாம் என்ன செய்தோம்? ரப்பரை எடுத்துப் பட்டத்தை அழித்தோம். கரும்புக்குக் கருஞ்சிவப்பு தீட்டினோம். வாளை நீக்கி, நம் அழகிய கையெழுத்தில் வாழ்த்தை எழுதினோம். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அப்படியானால் இதை நீங்களே அனுப்புங்கள், அப்பா” என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவ்வட்டை போகவேயில்லை. மாசி மாதத்தில் அலமாரியைத் துடைக்கும்போது கண்ணில் பட்டது. அப்போதுதான் நமக்கு உறைத்தது.

சென்ற ஆண்டு கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்தோம். காகிதத்தை இரண்டாய் மடித்து, மடிப்பை ஒட்டிப் பாதிப் பானை வரைந்து வெட்டினால், விரிக்கும்போது முழுப்பானை கிடைக்கும். அதை ஒருமுறை செய்து காட்டினோம், அவ்வளவே. மடிப்பில்லாத ஓரத்தில் வரைந்து வெட்டிவிட்டு, இரண்டு பாதிப் பானைகளைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்தாள். வாய்வரை வந்த சொல்லை நாம் விழுங்கினோம். மூன்றாவது காகிதத்தில் தானே கண்டுகொண்டாள். மைதாப் பசையைக் காகிதத்திலும் தன் சட்டையிலும் தடவுவது நான்கு வயது மகனின் பங்கு.

எழுத்துப் பிழைக்கு வேறு வழி கண்டோம். அட்டையில் எழுதுமுன் பழைய தாளில் எழுதச் சொன்னோம். மறுபடியும் வாள்தான் வந்தது. “ஆச்சிக்கு வாளா அனுப்பப் போகிறாய்?” என்றோம். சிரித்தாள். பிறகு நாவை மடித்து ழகரத்தைச் சொல்லிச் சொல்லி எழுதினாள். ஆண்டு முழுதும் நோட்டில் எழுதவைத்தும் பதியாத எழுத்து அன்று பதிந்தது. அதைப் படிக்கப் போகிறவர் யார் என்பது அவளுக்குத் தெரியுமல்லவா?

உறையின்மேல் முகவரி எழுதுவது தனிப் பாடம். நாம் இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராய் இருப்பதால், தெளிவில்லாத முகவரி படுத்தும் பாட்டை நன்கு அறிவோம். ஆச்சியின் பெயரைத் தமிழில் எழுதலாம். ஆனால் இங்கே தபால் பிரிப்போருக்கும் விளங்க வேண்டுமே! ஆதலால் ஊரும் மாநிலமும் ஆங்கிலத்திலும் வேண்டும். 1972 ஆகஸ்டு 15 முதல் வழங்கிவரும் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணையும் எழுதச் சொன்னோம். நாகபுரி 440 என்று தொடங்குகிறது. திருநெல்வேலி 627 என்று. “நாம் நான்கு, ஆச்சி ஆறு; ஐந்து எங்கே?” என்றாள். ஆந்திரமும் தெலங்கானாவும் கருநாடகமும் என்றோம். “அப்படியானால் வாரங்கல், விசயவாடா எல்லாம் ஐந்தா?” என்று, ஊருக்குப் போகும் வழியை இரயில் நிலையம் நிலையமாகச் சொல்லத் தொடங்கிவிட்டாள். இந்தப் பாடத்தை நாம் திட்டமிடவில்லை.

பச்சைக் கரும்பும் பட்டமும் அப்படியே இருக்க, சனவரி முதல் வாரத்தில் அட்டையைத் தபாலில் சேர்த்தோம். நீங்களும் அதற்குமேல் தாமதிக்க வேண்டாம்.

தை முடியுமுன் ஆச்சியிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. மகள் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். பானை நன்றாயிருக்கிறதாம். ஆனால் சூரியனுக்குப் பக்கத்தில் வாலோடு இருப்பது என்ன, மீனா என்று கேட்டிருந்தார். வீடே சிரித்தது. அன்று மாலையே பதில் எழுத அமர்ந்தவள், சற்று நேரத்தில் தலை நிமிர்ந்து, ‘மாஞ்சா’ என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டாள். பழைய தாள் ஒன்றை எடுத்துவந்து அவள் முன் வைத்தோம்.