ஒன்றரை ஷிஃப்ட்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குச் சேரும்போது மணிக்கணக்குப் பேசுகிறவர்கள் குறைவு. “ஷிஃப்டுக்கு எவ்வளவுங்க?” என்பதுதான் முதல் கேள்வி. இடைவேளை போக எட்டு மணி நேர வேலை ஒரு ஷிஃப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போனால் மாலை ஐந்தரைக்கு முடியும். ராத்திரி ஒன்பது, ஒன்பதரை வரை இருந்தால் ஒன்றரை. நடுச்சாமம் தாண்டினால் இரண்டு. ஆர்டர் கிளம்பும் வாரங்களில், சாயங்கால டீ முடிந்ததும் சூப்பர்வைசர் பவர்டேபிள் தையல் மிஷின் வரிசையோரமாக நடந்துவருவார். “ஷிப்மென்ட் இருக்குதுங்க அக்கா, இன்னிக்கு ஒன்றரை ஆயிரும்.”

அவ்வளவுதான் அறிவிப்பு. அதைக் கேட்ட மாத்திரத்தில் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மனதுக்குள் வேறொரு கணக்கு ஓடத் தொடங்கும். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு யார் கதவைத் திறப்பது, ராத்திரிக்கு மாவு மிச்சம் இருக்கிறதா, கம்பெனி வேன் கிளம்பி ஊர் சுற்றி வீடு சேர எத்தனை மணியாகும். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் செய்து சொல்லலாம்தான். போனை கேட்டில் கொடுத்துவிட்டு வந்திருந்தால் அதற்கும் வழியில்லை.

சூப்பர்வைசர் சொன்ன அந்த ஒற்றை வரியில் இரண்டு காரியங்கள் நடந்துவிட்டன. வேலை நேரம் மாறியது. கூலி பாதி கூடியது. இரண்டைப் பற்றியும் சட்டம் சொல்வது வேறு.

கூலியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலோ, ஒரு வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கினால், கூடுதலான ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆவது பிரிவு. கணக்குக்காக ஷிஃப்ட் கூலி 480 ரூபாய் என்று கொள்ளலாம். மணிக்கு 60 ரூபாய். திங்கள் முதல் சனி வரை ஆறு நாளும் வந்து, ஒரு நாள் மட்டும் நான்கு மணி நேரம் கூடுதலாக இருந்தவருக்கு அந்த வாரம் 52 மணி நேரம் ஆகிறது. 48ஐத் தாண்டிய நான்கு மணிக்கும் 120 ரூபாய் வீதம் 480 ரூபாய் வர வேண்டும். அதாவது இன்னொரு முழு ஷிஃப்ட் கூலி. ஒன்றரைக் கணக்கில் கைக்கு வருவதோ 240. வாரத்தில் மூன்று நாள் இப்படி இருந்தால் விட்டுப்போவது 720 ரூபாய். அந்தத் தொகையே ஒன்றரை நாள் கூலி.

“பீஸ் ரேட்காரங்களுக்கு ஓ.டி. கிடையாது” என்று ஒரு பேச்சு பரவலாக உண்டு. அது தவறு. அதே சட்டப்பிரிவு பீஸ் ரேட்டுக்கும் வழி சொல்லியிருந்தது. முந்தைய மாதத்தில் அதே வேலையில் முழுநேரம் உழைத்த நாட்களின் சராசரி வருமானத்தை எடுத்து, அதிலிருந்து மணிக்கூலி கண்டு, அதை இரட்டிப்பாக்க வேண்டும். அதிகப் பீஸ் தைத்தால் அதிகக் காசு வருகிறதே என்பது இதற்குப் பதிலாகாது. பன்னிரண்டாவது மணி நேரத்தில் தைத்த பீஸுக்கும் முதல் மணி நேரத்து விலைதானே கிடைக்கிறது?

இரட்டிப்பு என்பது முதலாளி பெருந்தன்மையாகக் கொடுக்கும் இனாம் என்ற எண்ணம் தொழிலாளிகளிடமே இருக்கிறது. அந்த விதியின் உள்நோக்கம் வேலை நாளுக்குக் கடிவாளம் போடுவது. கூடுதல் மணி நேரம் முதலாளிக்கு இரண்டு மடங்கு செலவாக வேண்டும். அப்போதுதான் இன்னும் நாலு பேரை வேலைக்கு எடுக்கலாமா என்ற யோசனை அவருக்கு வரும். அந்த நான்கு மணி நேரம் சாதாரண விலைக்கே கிடைத்தால் கடிவாளம் அறுந்துபோகிறது, பன்னிரண்டு மணி நேரமே வழக்கமான வேலை நாளாகிவிடுகிறது. சட்டம் வேறொரு வரம்பையும் வைத்திருந்தது. பொதுவாக மூன்று மாதத்துக்கு ஓ.டி. 50 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வாரம் ஆறு நாளும் ஒன்றரை ஷிஃப்ட் என்றால் வாரத்துக்கு 24 மணி நேரம் ஓ.டி. மூன்று மாதத்துக்கான வரம்பு மூன்றாவது வாரமே தீர்ந்துவிடும்.

ஒன்றரை ஷிஃப்ட் கணக்கை ஒரு மாநில அரசு அரசாணையாகவே அச்சடித்த சம்பவமும் நடந்திருக்கிறது. 2020 ஏப்ரல் 17 அன்று, ஊரடங்கின் நடுவில், குஜராத் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வேலை வாங்கலாம். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு வேண்டாம், விகிதப்படி கொடுத்தால் போதும். அதை விளக்க ஓர் உதாரணமும் அந்த அறிவிப்பிலேயே இருந்தது: எட்டு மணி நேரத்துக்கு 80 ரூபாய் என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 120 ரூபாய். 59ஆவது பிரிவைப் பொருத்தினால் அந்த 120, 160 ஆக வேண்டும். நாற்பது ரூபாய் வித்தியாசம், ஒரு மாநிலத்தின் தொழிற்சாலைகள் முழுவதற்கும்.

குஜராத் மஸ்தூர் சபா என்ற தொழிற்சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. நீதிபதிகள் சந்திரசூட், இந்து மல்ஹோத்ரா, கே.எம். ஜோசப் அமர்வு 2020 அக்டோபர் 1 அன்று அறிவிப்பை ரத்து செய்தது. போர், உள்நாட்டுக் குழப்பம் போன்ற பொது நெருக்கடிக்காக வைத்த விதிவிலக்கு அதிகாரத்தைப் பொருளாதாரச் சரிவுக்காக எடுத்துக்கொள்ள முடியாது, அந்தச் சரிவின் சுமையைத் தொழிலாளியின் தலையில் மட்டும் இறக்கவும் முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அறிவிப்பை நம்பி அந்த மாதங்களில் வேலை வாங்கிய நிர்வாகங்கள் சட்டப்படியான மிகைநேர ஊதியத்தைக் கொடுத்தாக வேண்டும் என்றும் அரசமைப்பின் 142ஆவது சட்டக்கூறைப் பயன்படுத்தி உத்தரவிட்டது. ஆணையை ரத்து செய்வதோடு நிறுத்தாமல், உழைத்து முடித்த மணி நேரத்துக்கும் விலை கேட்டது என்பதால் இந்தத் தீர்ப்புக்குத் தனி மதிப்பு உண்டு.

தமிழ்நாட்டில் இதே பிரச்சினை 2023இல் வந்தது. தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்ற புதிய பிரிவைச் சேர்க்கும் மசோதா ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. வார வேலை நேரம், நாள் வேலை நேரம், இடைவேளை ஆகியவற்றோடு மிகைநேர ஊதிய விதியிலிருந்தும் தொழிற்சாலைகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அந்தப் பிரிவு அரசுக்குத் தந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, நான்கு நாள் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தால் மூன்று நாள் விடுமுறை என்று அமைச்சர்கள் விளக்கம் சொன்னார்கள். மசோதாவின் வாசகமோ அதைவிட அகலமான கதவைத் திறந்துவைத்தது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் ஒன்று சேர்ந்தன. மூன்று நாளில் நிறுத்திவைப்பு. மே 1 அன்று, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், மசோதா திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் முதல் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டு.

சென்னைக்கு மணி நேரச் சண்டை புதிதில்லை. 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் வாடியாவையும் திரு.வி.க.வையும் முன்னிறுத்திச் சங்கம் கண்டபோது, அரை மணி நேர மதிய இடைவேளை கை கழுவிச் சாப்பிடக்கூடப் போதவில்லை என்பது அவர்களின் முதல் குறைகளுள் ஒன்று.

இனி, நேர மாற்றம். ஒரு நாள் ஓ.டி. வேறு, வேலை நேரத்தையே மாற்றிவிடுவது வேறு. “அடுத்த வாரத்திலிருந்து ஜெனரல் ஷிஃப்ட் கிடையாது, எல்லோரும் ரொட்டேஷன்” என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கும் மனிதவள அதிகாரிகள் இருக்கிறார்கள். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவு அப்படி விடவில்லை. வேலை நேரம், ஓய்வு இடைவேளை, நிலையாணையில் இல்லாத ஷிஃப்ட் மாற்றம் ஆகியவற்றுக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். தொழிற்சாலைகள் சட்டமோ, யார் எத்தனை மணிக்கு உள்ளே வருவார், எப்போது இடைவேளை, எப்போது வெளியே போவார் என்று எழுதிய தாளைச் சுவரில் ஒட்டச் சொன்னது. அந்தத் தாளில் இல்லாத நேரத்தில் எவரிடமும் வேலை வாங்கக் கூடாது என்றும் சொன்னது. தாள் எந்த மொழியில் இருக்க வேண்டும்? ஆங்கிலத்திலும், அங்கே பெரும்பாலானோருக்குப் புரியும் மொழியிலும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் பாதிக்கு மேல் இருக்கும் தையல் கூடத்தில் அந்த மொழி தமிழாக மட்டும் இருக்க முடியாது.

எந்த நேரம் ஒட்டப்பட்டிருந்தது என்பதைக் காட்ட முடிந்தால்தான் எது கூடுதல் நேரம் என்று காட்ட முடியும். ஆகவே ஓ.டி. மறுக்கப்படும் இடத்தில் பெரும்பாலும் சுவரும் வெறுமையாகவே இருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. பழைய சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. நாளுக்கு எட்டு மணி நேரம், கூடுதலுக்கு இரட்டிப்பு என்ற அடிப்படை அவற்றிலும் இருக்கிறது. ஓ.டி.க்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்று இப்போது எழுதியே வைத்திருக்கிறார்கள். வேலை நேர மாற்றத்துக்கான 21 நாள் முன்னறிவிப்பும் தொடர்கிறது. ஆனால் அவசர நிலைமை என்றால், குறைதீர்க் குழுவோடு கலந்தாலோசித்து அந்த அறிவிப்பு இல்லாமலே ஷிஃப்டை மாற்றலாம் என்று ஒரு விலக்கும் சேர்ந்திருக்கிறது. கவனிக்க வேண்டிய இடம் இது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் அந்தக் குழு இருந்தாக வேண்டும். அதில் தொழிலாளர் சார்பில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாவிட்டால், இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

கிடைக்காத கூலியைக் கேட்க, ஊதியத் தொகுப்பு மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது. பழைய ஊதியப் பட்டுவாடா சட்டத்தில் அது ஓராண்டாக இருந்தது. மூன்று ஆண்டு கழித்து, எந்த நாளில் எத்தனை மணிக்கு மிஷினை நிறுத்தினோம் என்பது யாருக்கு நினைவிருக்கும்? கம்பெனிப் பதிவேட்டில் அது ஐந்தரை என்றே இருக்கலாம். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் இதற்குப் போதும். கிழிக்கும் தாளில் தேதி, கிழமை எல்லாம் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. அதன் பின்பக்கம் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், கைக்கு வந்த தொகை என்று மூன்று வரி. ஒரு ரப்பர் பேண்டு போட்டு, ரேஷன் கார்டு இருக்கும் அதே டப்பாவில் வைத்துவிடலாம்.