ஆவினம் போற்றிய ஆசான்

தமிழில் 'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. கால்நடையே குடும்பத்தின் உடைமையாய் விளங்கிய பழங்காலத்தில் எழுந்த பொருள் அது. ஆயினும், மாடு இருந்தும் செல்வம் இல்லாத வீடுகள் நம் நாட்டில் பல இருந்தன. தொழுவத்தில் மூன்று பசுக்கள் நிற்கும். குழந்தையின் கிண்ணத்தில் பால் இராது. இந்த அவலத்தை நீக்குவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் மணிபாய் தேசாய். அவரை நினைவுகூர்வது நன்றிக்கடன் மட்டும் அன்று. கற்ற கல்வி யாருக்குப் பயன்பட வேண்டும் என்று நம்மை நாமே வினவிக்கொள்வதும் ஆகும்.

மணிபாய், இன்றைய குசராத்து மாநிலத்தின் சூரத்து மாவட்டத்தில் 1920ஆம் ஆண்டில் பிறந்தார். கல்லூரிக் கல்வி பெற்ற அவர், 1942ஆம் ஆண்டின் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் ஈடுபட்டார். 1946ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காந்தியடிகள், புனே நகருக்குக் கிழக்கே உள்ள உருளி காஞ்சன் என்னும் சிற்றூரில் இயற்கை மருத்துவ ஆசிரமம் ஒன்றைத் தொடங்கினார். அவ்வூர்ப் பணிக்கே தம் வாழ்வை அளிப்பதாக அடிகளிடம் மணிபாய் வாக்களித்தார். அப்பொழுது அவருக்கு இருபத்தாறு வயதுகூட நிரம்பவில்லை. 1948ஆம் ஆண்டில் அடிகள் மறைந்தார். கொடுத்த வாக்கு மறையவில்லை. இல்லறம் நாடாமல், 1993ஆம் ஆண்டில் தாம் மறையும்வரை, ஏறத்தாழ 47 ஆண்டுகள் அவ்வாக்கை மணிபாய் காத்தார்.

நோயைத் தீர்க்க வந்தவர், நோயின் வேர் வறுமையில் இருப்பதைக் கண்டார். எனவே உழவின் பக்கமும் ஆவின் பக்கமும் அவர் கருத்துச் சென்றது. கால்நடை நூலைப் பட்டத்திற்காகப் பயின்றவர் அல்லர் அவர்; தொழுவமே அவருக்குப் பள்ளியாயிற்று. சௌராட்டிரத்துக் கிர் இனப் பசுக்களை ஆசிரமத்தில் வளர்த்தார். புடைத்த நெற்றியும், தொங்கும் நீண்ட செவிகளும், பின்னோக்கி வளைந்த கொம்புகளும் உடைய இனம் அது. பால் வளத்தில் பெயர் பெற்றது. நல்ல தாயினின்று நல்ல கன்றைத் தேர்ந்து, காலத்தில் தீவனம் இட்டுப் பேணினால், நம் நாட்டுப் பசுவும் நிறையக் கறக்கும் என்பதை அவர் செய்து காட்டினார்.

தாம் கற்றதை ஆசிரமத்து வேலிக்குள் அடைத்து வைக்க அவர் மனம் ஒப்பவில்லை. 1967ஆம் ஆண்டில், 'பைஃப்' எனச் சுருங்க வழங்கும் பாரதிய வேளாண் தொழில் அறக்கட்டளையை நிறுவினார். இதன் அருமையை உணர ஓர் உண்மையை அறிதல் வேண்டும். பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒரு முறை பருவத்திற்கு வரும். அப்பருவம் ஒரு நாளைக்கு மேல் நீடிப்பது அரிது. அந்தச் சில மணி நேரம் தவறினால், மேலும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். கறவை இன்றித் தீவனம் மட்டும் செலவாகும். ஏழை உழவன் கூலி வேலையை விட்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு தொலைவில் உள்ள மருத்துவ நிலையத்திற்கு நடப்பது எளிதா? ஆகவே, உழவன் நிலையத்தைத் தேடிச் செல்லும் முறையை மாற்றி, பயிற்சி பெற்ற பணியாளர் உழவன் வீட்டு வாயிலுக்கே செல்லும் முறையை அறக்கட்டளை வளர்த்தது. சிறந்த காளைகளின் விந்து, சுழிக்குக் கீழே 196 பாகை வரை குளிர்ந்த நீர்ம நைட்ரசனில் காக்கப்பட்டு, சிற்றூர்த் தொழுவத்தை அடைந்தது. இத்தகைய பொதுத் தொண்டுக்காக 1982ஆம் ஆண்டில் மகசேசே விருது அவரை வந்தடைந்தது.

செர்சி, ஓல்சுடீன் முதலிய அயல்நாட்டு இனங்களோடு நம் பசுக்களைக் கலத்தல் தகுமா என்று வினவுவோர் உளர். அவ்வினாவைப் புறக்கணித்தல் முறையன்று. கலப்பினப் பசு விரைவில் கன்று ஈனும், மிகுதியாகக் கறக்கும். ஆனால் வெயிலைத் தாங்கும் ஆற்றலும் நோய் எதிர்க்கும் வலிமையும் அதற்குக் குறைவு. தண்ணீரும் தீவனமும் மிகுதியாக வேண்டும். எங்கும் எதையும் கலந்துகொண்டே போனால், பல நூறு ஆண்டுகள் நம் மண்ணில் உருவான இனங்கள் அழிந்துபடும். அழிந்த இனத்தை எந்தப் பொருள் கொடுத்தும் மீட்க இயலாது. ஆதலின், எந்த இனத்தையும் சேராத, பால் குறைந்த பசுக்களுக்குக் கலப்பு முறை பொருந்தும். தூய நாட்டினங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றுள்ளேயே மேம்படுத்துதல் வேண்டும். இதுவே நேரிய வழி என்பது என் கருத்து. கிர் பசுவைப் பேணியவரும், கலப்பினத்தை ஏழையின் வாயிலுக்குக் கொண்டு சென்றவரும் ஒருவரே என்பதை இரு திறத்தாரும் எண்ணிப் பார்த்தல் நன்று.

மாணவர்களே! படித்தவர் சாணத்தைத் தொடலாகாது என்னும் எண்ணம் நம்மிடையே இன்றும் முற்றும் ஒழியவில்லை. மாடு மேய்ப்பதைப் படிப்பு வராதவனுக்குரிய வேலை என்று சொல்லி இளைஞரை வைகிறோம். பசுவின் பருவத்தை அறிதல், தீவனத்தை அளந்து இடுதல், பால் அளவைக் குறித்து வைத்தல் ஆகிய அனைத்தும் அறிவுத் தொழில்களே. இவற்றைக் கற்றவர் செய்யாது விட்டால், கல்லாதவர் தலையில் இழப்பு விழும். நீங்கள் எத்துறை பயின்றாலும், அத்துறையின் பயன் உங்கள் ஊரின் கடைசி வீட்டு வாயிலை அடைந்ததா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக் குழந்தையின் கிண்ணத்தில் பால் நிறையும் நாளே, மணிபாய் போன்றோர்க்கு நாம் எடுக்கும் நினைவுவிழா ஆகும்.