பூட்டு பழுது என்று சொன்ன பிள்ளை



சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பிள்ளைகள் பாடம் முடித்துக் கலைந்த நேரத்தில், நம் ஊர்த் தகப்பனார் ஒருவர் என்னைத் தேடி மதரஸாவுக்கு வந்தார். பௌர்ணமி நாள் அது. கிரிவலக் கூட்டத்திற்காகப் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால், பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கணினி பயிலும் தம் மகனையும் அழைத்துக்கொண்டு நடந்தே வந்திருந்தார். இருவர் முகத்திலும் நடந்த களைப்பை மிஞ்சிய வேறொரு வாட்டம் தெரிந்தது.

"ஹஜ்ரத், ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரணும். நீங்கள் பி.ஏ. படித்தவர். உங்கள் கையால் எழுதினால் மேலே இருப்பவர்கள் மனம் இளகும்" என்றார்.

மனு எழுதுவது எனக்குப் புதிதன்று. ரேஷன் அட்டைக்கும், முதியோர் உதவித்தொகைக்கும், வங்கிக் கடனுக்கும் எத்தனையோ எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாதிரிக்கென்று கல்லூரியில் தட்டச்சு செய்து கொடுத்த தாளை வாங்கிப் படித்தேன். "கல்லூரியின் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து, ஆவணங்களைக் களவாடினேன்" என்று தொடங்கியது அது. அந்த முதல் வரியிலேயே என் பேனா நின்றுவிட்டது.

"தம்பி, எதைத் திருடினாய்?" என்று கேட்டேன்.

அவன் சொன்னது இதுதான். மதிப்பெண் பார்க்கும் இணையப் பக்கத்தில் தன் கடவுச்சொல்லைக் கொடுத்து நுழைந்திருக்கிறான். மேலே முகவரி வரியில் அவனுடைய பதிவு எண் அப்படியே தெரிந்திருக்கிறது. அதன் கடைசி இலக்கத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று, பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பனிடம் சொல்லிவிட்டு, அவன் எண்ணை இட்டுப் பார்த்திருக்கிறான். நண்பனின் மதிப்பெண், வீட்டு முகவரி, பெற்றோரின் கைப்பேசி எண், கட்டணப் பாக்கி எல்லாம் திரையில் வந்து நின்றன. கடவுச்சொல் எதையும் அது கேட்கவில்லை. அன்று மாலையே தன் துறை ஆசிரியருக்கு எழுதித் தெரிவித்துவிட்டான். மூன்றாம் நாள் அழைப்பு வந்தது. காவல் நிலையத்தில் புகார், கல்லூரியிலிருந்து நீக்கம், "சைபர் பயங்கரவாதம்" என்ற சொல் எல்லாம் அந்த அறையில் உரைக்கப்பட்டன. அந்தக் கடைசிச் சொல் நம் வீடுகளில் எப்படி விழும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பையனின் தாயார் இரண்டு நாளாகச் சோறு உண்ணவில்லையாம்.

தேரடி வீதியில் சாவி செய்து தரும் முதியவர் ஒருவர் உண்டு. என் பெட்டிப் பூட்டைப் பழுது பார்க்கக் கொடுத்தபோது, தம்மிடமிருந்த கொத்திலிருந்து வேறொரு சாவியைப் போட்டுத் திறந்து காட்டி, "இது எதற்கும் திறக்கும் பூட்டு, மாற்றிவிடுங்கள்" என்றார். நான் அவருக்குக் கூலி கொடுத்தேன். 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சி நடந்த காலத்தில் ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், எவராலும் திறக்க முடியாது என்று கடைச் சாளரத்தில் பல்லாண்டுக் காலம் சவால் விட்டு வைத்திருந்த பிராமா பூட்டைப் பல நாள் முயன்று திறந்தார். அறிவித்த 200 கினிப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. இரும்புப் பூட்டு விஷயத்தில் உலகம் என்றோ கற்றுக்கொண்ட பாடம், கணினிப் பூட்டு விஷயத்தில் இன்னும் பாதிதான் ஏறியிருக்கிறது.

2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர்களான ஜாக் ஆண்டர்சன், ஆர்.ஜே. ரயன், அலெசாண்ட்ரோ கியேசா ஆகிய மூவர், பாஸ்டன் நகர ரயில் பயணச் சீட்டு முறையில் உள்ள ஓட்டைகளைத் தம் வகுப்புக்கான ஆய்வாகக் கண்டறிந்தனர். அவர்களுடைய பேராசிரியர் ரொனால்ட் ரிவெஸ்ட், இன்று உலகெங்கும் இரகசியக் குறியாக்கத்திற்குப் பயன்படும் முறை ஒன்றை உருவாக்கிய மூவரில் ஒருவர். அவர் அந்த ஆய்வுக்கு முதல் தர மதிப்பெண் அளித்தார். போக்குவரத்துக் கழகமோ வழக்குத் தொடுத்தது. லாஸ் வேகாஸ் மாநாட்டில் மாணவர்கள் பேசவிருந்ததற்கு முந்திய நாளான ஆகஸ்ட் 9 அன்று, நீதிமன்றம் அவர்கள் வாய் திறக்கத் தற்காலிகத் தடை விதித்தது.

ஆனால் அவர்களுடைய உரைப் படங்கள் அடங்கிய குறுந்தகடு மாநாட்டுக்கு வந்தவர்கள் கைகளுக்கு ஏற்கனவே போய்ச் சேர்ந்திருந்தது. அதைவிட வேடிக்கை, மாணவர்கள் கழகத்துக்கென்று தனியே எழுதிக் கொடுத்த இரகசிய அறிக்கையை, கழகத்தின் வழக்கறிஞர்களே மனுவோடு இணைத்து எவரும் படிக்கத்தக்க பொது ஆவணமாக்கிவிட்டனர்! ஆகஸ்ட் 19 அன்று மற்றொரு நீதிபதி தடையை நீட்டிக்க மறுத்தார். அவ்வாண்டு முடிவதற்குள் கழகமும் மாணவர்களும் ஓட்டையை அடைக்க இணைந்து பணியாற்றப் போவதாக அறிவித்தனர். அதை முதல் நாளே செய்திருந்தால் வழக்குச் செலவாவது மிஞ்சியிருக்கும்.

அதே ஆண்டு ஜூலையில் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே வகைப் பயணச் சீட்டின் சில்லைப் பற்றிக் கட்டுரை வெளியிட முனைந்தபோது, அதைத் தயாரித்த நிறுவனம் தடை கேட்டது. ஆர்னெம் நீதிமன்றம் மறுத்துவிட்டது. எல்லா நாடுகளிலும் இப்படி முடிவதில்லை. 2022இல் மால்டா தீவில், மாணவர்கள் பயன்படுத்தும் ஒரு கைப்பேசிச் செயலியின் குறையை அதன் உரிமையாளருக்கே எழுதித் தெரிவித்த மாணவர்கள் கைது செய்யப்பட்டனர்.

நம் நாட்டில் இதற்கு மிக நெருங்கிய நிகழ்வு 2010இல் நடந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் ஹரி பிரசாத், மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், அவருடைய மாணவர்கள், நெதர்லாந்தின் ராப் கொங்க்ரைப் ஆகியோர் சேர்ந்து, நாம் வாக்களிக்கும் மின்னணு இயந்திரம் ஒன்றைப் பிரித்து ஆராய்ந்தனர். இயந்திரத்தைக் கையில் பெற்ற ஒருவரால் அதன் உறுப்புகளை மாற்றி முடிவைப் புரட்ட இயலும் என்று ஏப்ரல் மாதம் செய்து காட்டினர். நடைமுறைப் பாதுகாப்புகள் இருக்கையில் அது சாத்தியமே இல்லை என்று தேர்தல் ஆணையம் மறுத்தது. ஆகஸ்ட் 21 அன்று காவல்துறையினர் ஹரி பிரசாத்தை அவர் வீட்டில் கைது செய்து மும்பைக்குக் கொண்டு சென்றனர். இயந்திரம் மும்பையின் அரசு அலுவலகத்திலிருந்து களவு போனது என்பது குற்றச்சாட்டு. அதைத் தமக்குக் கொடுத்தவர் யார் என்று சொல்ல அவர் மறுத்தார். ஒரு வாரம் கழித்துப் பிணை கிடைத்தது.

இதில் நான் ஒரு பக்கமாகப் பேச விரும்பவில்லை. அரசின் பொருள் அனுமதியின்றி வெளியே வந்ததென்றால் அதை விசாரிப்பது காவல்துறையின் கடமைதான். ஆனால் பொருள் எப்படி வந்தது என்ற கேள்வி, அதில் என்ன குறை இருக்கிறது என்ற கேள்வியை விழுங்கிவிடக்கூடாது. பின்னர் 2013 அக்டோபர் 8 அன்று, வேறொரு வழக்கில், வாக்காளர் தம் வாக்கைத் தாளில் சரிபார்க்கும் வசதி நியாயமான தேர்தலுக்கு இன்றியமையாதது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்களித்தபின் சில நொடிகள் கண்ணாடிக்குள் தெரிந்து விழும் அந்தச் சீட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மறுபுறம் நல்ல செய்தியும் உண்டு. 2021இல் சென்னையைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், ரயில் முன்பதிவு இணையதளத்தில் பிறருடைய பயண விவரங்கள் தெரிவதைக் கண்டார். நம் ஊர்ப் பிள்ளை கண்ட அதே வகைக் குறைதான். மத்திய அரசின் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் அமைப்புக்கு எழுதினார். சில நாட்களிலேயே குறை சரி செய்யப்பட்டது. எவரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. தமிழகத்தின் லக்ஷ்மண் முத்தையா, இன்ஸ்டாகிராம் கணக்குகளைக் கைப்பற்ற வழியிருந்ததைத் தெரிவித்ததற்காக 2019இல் அந்நிறுவனத்திடமிருந்து 30,000 டாலர் பரிசு பெற்றார். குறை சொல்வோருக்கென்று அந்நிறுவனம் முன்கூட்டியே கதவைத் திறந்து வைத்திருந்தது.

அப்படி வைக்காத இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது? 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவின்படி, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியில் நுழைவதே இழப்பீட்டுக்கு உரியது. நேர்மையின்றியோ மோசடியாகவோ அதைச் செய்தால்தான் 66ஆம் பிரிவின் கீழ் குற்றம். மூன்றாண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அது ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்ளட்டும். ஆயுள் தண்டனை வரை செல்லும் 66-எப் பிரிவு நாட்டின் பாதுகாப்பையும் இறையாண்மையையும் குலைக்க முனைவோருக்காக எழுதப்பட்டது. கல்லூரி மதிப்பெண் பட்டியலுக்காக எழுதப்பட்டதன்று. ஆயினும் "நான் நல்லெண்ணத்தோடு சோதித்தேன்" என்று சொல்லும் ஆய்வாளருக்குத் தனியாகப் பாதுகாப்புத் தரும் வரி எதுவும் இச்சட்டத்தில் இல்லை. அமெரிக்க நீதித்துறை, நல்லெண்ணத்தோடு செய்யும் பாதுகாப்பு ஆய்வுக்காக எவர் மீதும் வழக்குத் தொடுக்கப் போவதில்லை என்று 2022 மே மாதம் அறிவித்தது. நம்மிடம் அத்தகைய அறிவிப்பு வர வேண்டும் என்பது என் கருத்து.

இதையெல்லாம் நான் பையனிடம் ஒரே மூச்சில் சொல்லிவிடவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டேன்: "நண்பனின் எண்ணோடு நிறுத்திவிட்டாயா?"

சற்று நேரம் தரையைப் பார்த்தான். "இல்லை ஹஜ்ரத். இன்னொரு எண்ணும் போட்டுப் பார்த்தேன். எல்லாருக்கும் இப்படித்தானா என்று உறுதி செய்ய. யாரோ ஒரு மாணவியின் பக்கம் வந்தது. உடனே மூடிவிட்டேன்."

தகப்பனார் அப்போதுதான் இதைக் கேள்விப்பட்டார். அவர் கோபப்படுவதற்குள் நான் குறுக்கிட்டேன். அனுமதி கேட்டுத்தான் பிறர் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்று சிறு வயதிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். கதவு திறந்து கிடந்தாலும் அதுதான் முறை. நண்பனிடம் கேட்டுப் பார்த்ததோடு நின்றிருந்தால் ஓட்டை உறுதியாகிவிட்டது; இரண்டாவது தேவையற்றது. அந்தப் பெண்ணின் வீட்டு முகவரியை ஓர் அந்நியன் பார்த்தான் என்பது மெய். ஆனால் அவன் சொல்லாதிருந்தால் எத்தனை அந்நியர் பார்த்திருப்பார்களோ, அதுவும் மெய்.

உங்கள் வீட்டிலும் இத்தகைய பிள்ளை இருக்கலாம், வாசகர்களே. அவனிடம் சொல்லுங்கள்: தன் கணக்கோடு நிற்கட்டும். எதையும் படி எடுத்து வைக்க வேண்டாம். நண்பர்களுக்குக் காட்டிப் பெருமை பேச வேண்டாம். பரிசு கேட்டு முதல் கடிதத்திலேயே எழுத வேண்டாம்; அதை மிரட்டல் என்று திரித்துவிடுவார்கள். நாளும் நேரமும் குறித்து எழுதி, செர்ட்-இன் அமைப்புக்கும் ஒரு பிரதி அனுப்பட்டும். வாய்ச்சொல்லாக மட்டும் சொன்னால் பின்னர் சான்று இராது.

அன்றிரவு மூவரும் அமர்ந்து கடிதத்தை எழுதினோம். "திருட்டுத்தனமாக", "களவாடினேன்" என்ற இரண்டு சொற்களையும் நான் எழுதவில்லை. "என் எண்ணை மாற்றியபோது பிறர் விவரம் தெரிந்தது. நண்பனின் இசைவோடு ஒரு முறையும், இசைவின்றி மற்றொருவருடையதை ஒரு முறையும் கண்டேன். பின்னதற்காக வருந்துகிறேன். அன்றே தங்களுக்குத் தெரிவித்தேன்" என்று எழுதினோம். தகப்பனாருக்கு அச்சம்தான். அவர்கள் கேட்ட வாசகம் இல்லையே என்றார். செய்யாத களவை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட தாள், நாளை வேலைக்கோ கடவுச்சீட்டுக்கோ போகும்போது எங்கிருந்து எழுந்து வரும் என்று அவருக்குச் சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு மகனிடம் பேனாவை நீட்டினார்.

கடிதம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. புகார் எதுவும் போகவில்லை, பதிலும் வரவில்லை. பையன் வகுப்புக்குப் போய்வருகிறான். "அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்களா?" என்று நேற்று கேட்டேன்.

"தெரியாது ஹஜ்ரத். பார்க்க வேண்டுமென்றால் மறுபடியும் எண்ணை மாற்றணுமே" என்றான்.