கலப்புக் கோழி வேண்டும். தாய் இனமும் வேண்டும்

தாராபுரம் பக்கம் மானாவாரிக் காட்டில் கோழி வளர்த்துக் குடும்பம் நடத்துகிறவள் நான். கலப்புக் கோழியே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கள் நாட்டுக்கோழி இனமான சிறுவிடையின் பெட்டை ஒரு கிலோவைத் தாண்ட ஐந்தாறு மாதம் ஆகும். அதுவரை கீரிக்கும் பருந்துக்கும் வெள்ளைக்கழிச்சலுக்கும் தப்பியதுதான் சந்தைக்குப் போகும். அதை மட்டும் நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியாது. எடை கூட வேண்டும். அதற்குக் கலப்பு ஒரு நல்ல வழி. ஆனால், இன்று எங்கள் பக்கத்து ஊர்களில் வரைமுறையில்லாமல் நடக்கும் கலப்பு, எந்த இனத்தை வைத்துக் கலக்கிறோமோ அந்த இனத்தையே இல்லாமல் ஆக்கிக்கொண்டிருக்கிறது. அரசு இதில் தலையிட வேண்டும்.

பிராய்லரே கலப்பில் பிறந்ததுதான். 1948இல் அமெரிக்காவில் ‘நாளைய கோழி’ என்று ஒரு போட்டி நடந்தது. நெஞ்சுக் கறி மிகுந்த கோழியை யார் உருவாக்குவது என்பதே பந்தயம். கார்னிஷ் இனத்தையும் நியூ ஹாம்ப்ஷயர் இனத்தையும் கலந்த கலிபோர்னியாக்காரர் சார்லஸ் வான்ட்ரஸ் வென்றார். இன்றைய பிராய்லருக்குத் தகப்பன் வழி பெரும்பாலும் கார்னிஷ். தாய் வழி வெள்ளை பிளைமவுத் ராக். பெருத்த பெட்டை குறைவாகத்தான் முட்டையிடும். அதனால் தகப்பனிடம் எடையையும் தாயிடம் முட்டையையும் தேடினார்கள். பல தலைமுறை எடை பார்த்துப் பொறுக்கியெடுத்ததும் சேர்ந்துதான், நாற்பது நாளுக்குள் இரண்டு கிலோ வருகிறது. ஆனால் பல்லடத்துப் பிராய்லர் பண்ணைகளுக்கு வரும் குஞ்சின் பாட்டன் பாட்டி வழிகளைக் கம்பெனிகள் தனித்தனியாகப் பொத்திக் காக்கின்றன. அவற்றைக் கண்டபடி ஒன்றோடொன்று கலக்க விடுவதில்லை. அந்தத் தொழிலின் முதலே அதுதான்.

அதே கணக்குதான் எங்கள் தோட்டத்துக்கும். சிறுவிடைப் பெட்டை பத்துப் பதினைந்து முட்டையிட்டு, அடையில் உட்கார்ந்து, குஞ்சுகளைத் தானே மேய்த்து ஆளாக்கிவிடும். இன்னொரு நாட்டினமான பெருவிடையின் சேவலோ மூன்று கிலோவுக்கு மேல் நிற்கும். இரண்டையும் சேர்த்தால் குஞ்சு தாயைவிடப் பெரிதாக வளர்கிறது. எடையில் பெரும்பாலும் தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில்தான் நிற்கும். ஆனால் நோஞ்சான் குஞ்சு குறைவு, பிழைப்பது அதிகம். கலப்பின் உண்மையான லாபம் இந்த வீரியத்தில் இருக்கிறது.

இந்த வீரியம் முதல் தலைமுறையோடு சரி. கலப்பில் பிறந்த கிராஸ் சேவலையும் கிராஸ் பெட்டையையும் சேர்த்தால் அடுத்த ஈட்டில் அது ஏறத்தாழப் பாதியாகிவிடும். குஞ்சுகளும் ஒன்று பெரிது, ஒன்று சிறிதாக வரும். வீரிய ஒட்டு மக்காச்சோளத்தை எந்த விவசாயியும் விதைக்கு எடுத்துவைப்பதில்லை. கோழியில் மட்டும் ஏன் கிராஸ் சேவலை விதைச் சேவலாக விடுகிறோம்?

அடையும் போகிறது. ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வனராஜா ரகக் கோழி ஆண்டுக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். ஆனால் நன்றாக அடை உட்காராது. அப்படிப்பட்ட ரகத்தின் சேவல்கள் ஊரெங்கும் மேய்ந்தால் பேத்திக் கோழிகளும் அடையை மறக்கும். பிறகு ஒவ்வொரு ஈட்டுக்கும் குஞ்சுப் பொரிப்பகத்துக்குப் பணம் கட்ட வேண்டியதுதான். கையில் காசில்லாத பெண்ணுக்கு அடைக்கோழிதான் இன்குபேட்டர்.

பரேலி அருகே இசத்நகரில் உள்ள மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் அசில் என்ற நாட்டினத்தைக் கலந்து ‘காரி நிர்பீக்’கையும், கடக்நாத் என்ற நாட்டினத்தைக் கலந்து ‘காரி ஷ்யாமா’வையும் உருவாக்கியது. அசிலும் கடக்நாத்தும் கலக்காமல் எங்கோ காக்கப்பட்டதால்தான் அது நடந்தது. நாளை நம் வெயிலுக்கு ஏற்ற ஒரு கறிக்கோழி வேண்டுமென்றால் சிறுவிடைக்கும் பெருவிடைக்கும் எங்கே போவோம்?

அரசிடம் நான் கேட்பது இவைதான். சிறுவிடையும் பெருவிடையும் கலக்காமல் இருக்கும் ஊர்களைக் கால்நடைப் பராமரிப்புத் துறை கணக்கெடுக்கட்டும். அவற்றைக் காப்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஊக்கத்தொகை கொடுக்கட்டும். கலப்புக் குஞ்சு கொடுக்கும்போதே ‘இது கறிக்கு, விதைக்கு அல்ல’ என்று சொல்லிக் கொடுக்கட்டும். அந்தந்த இனத்துக்குள்ளேயே எடை பார்த்துப் பொறுக்கிய சேவல்களை ஊருக்கு ஊர் தரட்டும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி ஆண்டுக்கொரு முகாமோடு நிற்காமல் மாதந்தோறும் கிராமத்துக்கு வரட்டும். ஊசி போடாத குஞ்சுக்கு எந்தக் கலப்பும் உயிர் தராது.

கடைக்காரர்களும் நேர்மையாக இருக்க வேண்டும். ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் ஃபயோமிப் பெட்டையையும் கலந்து வங்கதேசத்தில் உருவான சோனாலி, எங்கள் சந்தைகளில் நாட்டுக்கோழி என்ற பெயரில் விற்கிறது. சோனாலி நல்ல கோழிதான். சோனாலி என்றே சொல்லி விற்கட்டும். கிராஸுக்கு கிராஸ் விலை, சிறுவிடைக்கு அதற்குரிய விலை என்று ஆனால்தான், தாய் இனத்தை வைத்துக் காப்பாற்றுகிறவளுக்கும் கட்டுப்படியாகும்.