மூன்றாந் தரம் கேட்ட கேள்வி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. எம்மோடு கல்லூரியிற் கடமையாற்றும் இளைஞரொருவர் வெள்ளவத்தையிலுள்ள எமது இல்லத்துக்கு வந்திருந்தார். 82 வயது நிரம்பிய எம் தந்தையார் அவரை அன்போடு வரவேற்று, "தம்பியின் பெயர் என்ன?" என்று விசாரித்தார். வந்தவர் பெயரைச் சொன்னார். தேநீர் வந்தது. மறுபடியும் அதே கேள்வி. மூன்றாந் தரமும் கேட்டபோது நாம் பொறுமை இழந்தோம். "ஐயா, எத்தனை தரம் சொல்லுறது? இப்பதானே சொன்னவர்!" என்றோம். இளைஞர் தலையைக் குனிந்துகொண்டார். தந்தையார் ஒன்றும் பேசவில்லை. அன்று மட்டுமன்று, அதன் பின் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் தம் அறையை விட்டு வெளியே வருவதில்லை.

பாடத்தை மறந்த மாணவனுக்குப் பத்துத் தரம் சொல்லிக்கொடுக்க நாம் சலித்ததில்லை. பெற்ற தந்தைக்கு மூன்றாந் தரம் ஒரு பெயரைச் சொல்ல மட்டும் மனம் வரவில்லை. அந்த வெட்கமே இவ்வாரம் எம்மை எழுதத் தூண்டியது.

மூப்பு வரும்போது மனத்தில் நிகழ்வதுதான் என்ன? மனத்தின் ஆற்றல்கள் யாவும் ஒரே வேளையில் முதுமை அடைவதில்லை. உளவியல் அறிஞர் ரேமண்ட் கெட்டல் 1963ஆம் ஆண்டில் அறிவை இரு கூறாக வகுத்து விளக்கினார். முன் கண்டிராத சிக்கலொன்றை விரைந்து ஆராய்ந்து தீர்க்கும் ஆற்றல் ஒன்று. கல்வியாலும் அனுபவத்தாலும் திரண்ட அறிவு மற்றொன்று. முன்னது இளமையில் உச்சத்தை அடைந்து, பின்னர் மெல்ல மெல்லத் தளர்கிறது. பின்னதோ நெடுங்காலம் குன்றாது நிற்கும். சொல்வளம் அறுபது வயதிலும் பெருகுவதுண்டு. புதிய முகத்தோடு புதிய பெயரைப் பிணைத்து வைப்பது முதுமையில் எளிதிற் தடுமாறும் காரியங்களுள் ஒன்று. செவியும் சற்று மந்தமாகிவிட்டால், பெயர் உள்ளே புகுவதே இல்லை. புகாத ஒன்றை மறந்துவிட்டார் என்று பழிப்பது நியாயமாகுமா?

புதியது நழுவினாலும் பழையது நிலைத்து நிற்கும் என்பதற்குத் தமிழுலகம் அறிந்த சான்றொன்று உண்டு. 1855ஆம் ஆண்டிற் பிறந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், 1940ஆம் ஆண்டில், தமது 85ஆம் வயதை எட்டும் வேளையில், 'ஆனந்த விகட'னில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கினார். 1942ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்தமையால் அது முற்றுப்பெறவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்ட இளமை நாட்கள் அந்நூலிற் கண்ணெதிரே நிகழ்வனபோல விரிகின்றன. நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையையும் அதிலே காண்கிறோம். முதியோரிடம் வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலானவையே மிகுதியாக வெளிப்படுகின்றன என்று உளவியலாரும் கண்டுள்ளனர். முதன்முதல் நேர்ந்தவையும், பலமுறை எடுத்துச் சொல்லப்பட்டவையும் ஆழப் பதிகின்றன. ஐயரவர்கள் நினைவை மட்டும் நம்பியிருந்தவருமல்லர். தமக்கு வந்த கடிதங்களைப் பேணி வைத்தவர். குறித்து வைப்பது அறிவின் குறைவன்று என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

எனினும், எல்லா மறதியையும் முதுமையின் தலையிற் சுமத்துவதும் தவறு. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது இயல்பு. கண்ணாடி எதற்கு என்பதே தெரியாமற் போவது இயல்பன்று. பழகிய வீதியில் வழி தவறுதல், சில்லறை எண்ண முடியாமை, பல காலம் சமைத்த கறிக்கு முறை தெரியாமை, குணம் முற்றாக மாறுதல் ஆகியன நோயின் அடையாளங்களாக இருக்கலாம். அலோயிஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1906ஆம் ஆண்டில் இத்தகைய நோயொன்றை எடுத்துரைத்தார். அவர் கண்ட நோயாளி கிழவியல்லள், ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே நோயுற்று வைத்தியசாலைக்கு வந்த பெண். சிலருக்குத் தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, உட்கொள்ளும் மருந்துகள் என்பவற்றாலும் மறதி வரும். இவை சிகிச்சையால் சீராகக் கூடியவை. ஆகவே, "வயது போனால் அப்படித்தான்" என்று சொல்லி இருந்துவிடாது வைத்தியரிடம் காட்ட வேண்டும். இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுப்படுத்துவதும், செவிக் குறையைக் கவனிப்பதும், மனிதர்களோடு பேசிப் பழகுவதும் மறதி நோய் வரும் அபாயத்தைக் குறைக்கும் என்பது இன்றைய மருத்துவம் கூறுவது.

மனிதர்களோடு பேசிப் பழகுவது! எம் ஒரு வார்த்தையால் தந்தையாருக்கு நாம் அடைத்த கதவு அதுவேயன்றோ?

தந்தையாரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். நோய் எதுவும் இல்லை. செவிதான் வெகுவாக மந்தம் என்றார் அவர். காதுக்கருவி வாங்கினோம். மன்னிப்பும் கேட்டோம். "அதுக்கென்ன" என்று மட்டும் சொன்னார்.

சென்ற ஞாயிறு அந்த இளைஞர் மீண்டும் வந்தார். எமது வேண்டுகோளின்படி, அருகில் அமர்ந்து, தம் பெயரையும் ஊரையும் நிதானமாகச் சொன்னார். 1960ஆம் ஆண்டிலே கொழும்பில் நிறுத்தப்பட்ட டிராம் வண்டிகளைப் பற்றி எம் மகள் பாட்டனாரிடம் கேட்டாள். கொட்டாஞ்சேனையில் வளர்ந்த அவர், கிராண்ட்பாஸ் டிராமின் மணியோசையையும், உடன் ஏறிய நண்பர்கள் ஐவரின் பெயரையும் தடையின்றிச் சொன்னார். மகள் அவற்றைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். இடையிலே இளைஞரை நோக்கி, "தம்பியின் பெயர் என்ன சொன்னீர்?" என்றார் தந்தையார்.

இளைஞர் புன்னகையோடு மறுபடியும் சொன்னார். கதை தொடர்ந்தது.

நாம் மழலை பேசிய நாளில், ஒரே கேள்வியை எத்தனை தரம் கேட்டிருப்போம்! அத்தனைக்கும் விடை சொன்னவர் அவர். இன்று அவர் கேட்கட்டும், நாம் சொல்லுவோம்.