பொம்மைத் துப்பாக்கியும் சட்டமும்: வலுவை மட்டும் அளந்தால் போதுமா?

பெருநாள் நெருங்கினால் எமது ஊர்களின் கடைத்தெருக்களில் விளையாட்டுத் துவக்குகள் தொங்கத் தொடங்கிவிடும். பெருநாள் காசு கையில் சேர்ந்த ஆண் பிள்ளைகள் பலர் முதலில் ஓடுவது அவற்றை நோக்கித்தான். ஒரு காலத்தில் அவை சத்தம் மட்டுமே எழுப்பின. இப்போது வருபவற்றில் பல 6 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடுகின்றன. தோற்றத்திலும் நிஜத் துப்பாக்கியை அப்படியே ஒத்திருக்கின்றன. இந்த வகையின் பெரியவர்களுக்கான வடிவமே 'எயார்சொஃப்ட்' துப்பாக்கி. சாதாரண மக்கள் நிஜத் துப்பாக்கியை எளிதில் வைத்திருக்க முடியாத ஜப்பானில் 1970களில் தோன்றி, உலகெங்கும் பரவிய விளையாட்டு இது.

இத்தகைய பொருளைப் பற்றிச் சட்டம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒன்று, அதிலிருந்து வெளிவருவது என்ன வலுவுடன் வருகிறது? மற்றையது, பார்ப்பவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிகிறது?

முதல் கேள்விக்குப் பல நாடுகள் எண்ணால் பதில் சொல்லியுள்ளன. வலுக்கூட்டப்பட்ட துப்பாக்கிகளால் ஓடும் வாகனங்கள் மீது சுட்ட சம்பவங்களுக்குப் பின், ஜப்பான் 2006 இல் 6 மில்லிமீற்றர் குண்டுக்கு ஒரு ஜூலுக்கும் சற்றுக் குறைவான எல்லையை விதித்தது. பிரித்தானியா 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தில், தொடர்ச்சியாகச் சுடுபவற்றுக்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுபவற்றுக்கு 2.5 ஜூல் என வரையறுத்தது. அதை மீறினால் அது விளையாட்டுப் பொருள் என்ற சலுகையை இழந்துவிடும்.

இரண்டாவது கேள்விக்கான பதிலே எமக்குப் பாடம். 2007 ஒக்டோபர் முதல் பிரித்தானியாவில் நிஜம்போலத் தோன்றும் போலித் துப்பாக்கிகளைத் தயாரிப்பதும், இறக்குமதி செய்வதும், விற்பதும் குற்றம். நாடகம், திரைப்படம், அருங்காட்சியகம், காப்புறுதியுடன் முறையாக நடத்தப்படும் எயார்சொஃப்ட் விளையாட்டு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஏனையோருக்கு விற்பது பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், பச்சை போன்ற நிறத்திலோ, ஒளி ஊடுருவும் வகையிலோ இருக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு எந்தப் போலித் துப்பாக்கியையும் விற்க முடியாது. தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கொண்டு திரிவதும் குற்றமே.

தோற்றம் ஏன் இவ்வளவு முக்கியம்? 2014 நவம்பர் 22 அன்று, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் 12 வயதுச் சிறுவன் தமீர் ரைஸ் ஒரு எயார்சொஃப்ட் துப்பாக்கியுடன் விளையாடிக்கொண்டிருந்தான். பொம்மை என்று காட்டும் செம்மஞ்சள் முனை அதில் கழன்றிருந்தது. பொலிஸுக்கு அழைத்தவர் அது போலியாக இருக்கலாம் என்று சொல்லியும், அத்தகவல் பொலிஸாரைச் சென்றடையவில்லை. வந்திறங்கிய சுமார் இரண்டு விநாடிகளுக்குள் சுட்டார்கள். மறுநாள் அவன் இறந்தான். அந்தத் துப்பாக்கி எத்தனை ஜூல் என்று அங்கே யாரும் அளக்கவில்லை.

எமது நாட்டுக்கு வருவோம். இங்கு அடிப்படைச் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 1996 ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. ஆனால் துப்பாக்கி எது என்பதை அச்சட்டம் தீர்மானிப்பது, குறித்த தூரத்தில் நிறுத்திய அட்டைகளைத் துளைக்கும் வலுவைக் கொண்டு. முதல் கேள்வியை அது கேட்கிறது, இரண்டாவதைக் கேட்கவில்லை.

வலு குறைந்தால் ஆபத்தில்லை என்றும் ஆகிவிடாது. அட்டையைத் துளைக்காத குண்டு கண்ணைக் கெடுத்துவிடும். விழிக்குள் இரத்தக் கசிவு, வில்லையில் புரை, விழித்திரைச் சேதம் எனப் பார்வையையே பறிக்கக்கூடிய காயங்கள் இவற்றால் ஏற்படுகின்றன. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஆசிரியர் என்ற வகையில், ஒரு கண்ணின் பெறுமதியை நான் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

'பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுக்கலாமா?' என்று சிலர் கேட்கக்கூடும். நான் கேட்பது முழுத் தடையை அல்ல, நிறத்தை. இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு, பொருட்களின் விற்பனை, பொதியிடல், விபரச்சீட்டு தொடர்பாக வர்த்தகர்களுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு வழங்கியுள்ளது. குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கிகளுக்கு வயதெல்லை, கண் பாதுகாப்பு எச்சரிக்கை, பளிச்சென்ற நிறம் ஆகிய மூன்றையும் அச்சபையிடம் எமது சிவில் அமைப்புகள் எழுத்து மூலம் கோரலாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களிடமும் ஒன்று சொல்லி வையுங்கள். போலித் துப்பாக்கியைக் கைப்பொதியில் விமானத்தினுள் எடுத்துவர முடியாது. பெரியவர்களுக்கான எயார்சொஃப்ட் துப்பாக்கியைச் சுங்கத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டறியாமல் எந்தப் பொதியிலும் அனுப்ப வேண்டாம்.

ஆயுதத்தை விளையாட்டாகக்கூடச் சகோதரனை நோக்கி நீட்டுவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்துத் தடுத்திருக்கிறார்கள். இதை ஜும்ஆ பயானில் நினைவூட்ட நோன்பின் கடைசிப் பத்தே பொருத்தமான காலம். கொள்வனவாளர் கொழும்புக்குப் பொருள் எடுக்கப் போகும் முன்பே பள்ளிவாசல் நிர்வாகமும் வர்த்தக சங்கமும் ஒருமுறை அமர்ந்து பேசினால், இந்தப் பெருநாளில் கறுப்புத் துவக்குகள் எமது கடைகளில் தொங்காமல் இருக்கச் செய்யலாம்.