முடி நரைத்த பின் முடிசூட்டா?

ஒருவன் தன் தொழிலை ஊக்கத்தோடு செய்துவரும் காலத்தில் அவனை ஏசுவதும், அவன் ஓய்ந்து நரைத்த காலத்தில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதும் நம்மவரிடையே ஒரு வழக்கமாக வேரூன்றிவிட்டது. ஏசிய வாயும் போர்த்தும் கையும் பெரும்பாலும் ஒரே ஆளுடையனவாக இருப்பதைத்தான் எவரும் கவனிப்பதில்லை. இவ்வழக்கம் எல்லாக் கலைகளிலும் உண்டெனினும், ராக் இசைவாணர் விஷயத்தில் வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அவர்கள் பெற்ற பட்டங்களையும், அவற்றுக்கு முன் பெற்ற வசவுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், விருது என்பது யாருக்காக வழங்கப்படுகிறது என்னும் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பெறுகிறவனுக்காக அன்று, கொடுக்கிறவனுடைய மனச்சமாதானத்துக்காகவே என்பது நமது முடிபு.

முதலில் ரம்லி சாரிப் என்னும் மலாய்ப் பாடகரை எடுத்துக்கொள்வோம். 1952இல் பிறந்த சிங்கப்பூரர். ‘சுவீட் சேரிட்டி’ என்னும் ராக் குழுவின் முதன்மைப் பாடகராயிருந்தவர். 1979இல் அக்குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது, மின்சாரக் கிட்டாரின் முழக்கத்தோடு மலாய் மொழியிலும் பாடமுடியும் என்பதை ஜனங்கள் கண்டுகொண்டனர். ஜோகூர்க் கடற்பாலத்துக்கு இப்பாலும் அப்பாலும் ரசிகர் பெருகினர். ‘பாப்பா ராக்’, அதாவது ராக் இசைக்குத் தந்தை, என்று ஜனங்களே அவருக்குப் பெயரிட்டனர். அப்பட்டத்துக்கு உபசாரப் பத்திரம் இல்லை. ஜரிகை மாலை இல்லை. தலைமை வகிக்கப் பிரமுகரும் இல்லை. எனினும் அவர் பெற்ற விருதுகளில் அதுவே உண்மையான விருது என்போம். ‘பெயருக்காக அன்று’ எனப் பொருள்படும் தலைப்புடைய பாட்டொன்று அவருடைய பாட்டுகளில் பெரும்பெயர் பெற்றது என்பதையும் ஈண்டுக் குறிப்பது பொருத்தமாகும்.

அவர் நீண்ட முடியுடையவர். அவர் வாலிபராயிருந்த நாளில் அது சாமானியக் குற்றமன்று. 1972இல் ‘லெட் செப்பலின்’ என்னும் ஆங்கில ராக் குழுவினர் சிங்கப்பூரில் பாட வந்தபோது, முடி நீண்டிருந்த காரணத்தால் நகருக்குள் நுழைய விடப்படவில்லை. நீண்ட முடியுள்ள ஆடவருக்குக் கடைசியாகவே வேலை முடித்துத் தரப்படும் என்று சர்க்கார் காரியாலயங்களில் விளம்பரத்தாள்கள் ஒட்டப்பட்டன. நீளத்துக்கு அளவும் உண்டு. முன்மயிர் புருவத்தைத் தொடலாகாது; பக்கமயிர் காதை மறைக்கலாகாது; பின்மயிர் சட்டைக் கழுத்துப்பட்டைக்குக் கீழே இறங்கலாகாது. 1974இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட சர்க்கார் ஊழியர் தம் முடியின் பொருட்டு எச்சரிக்கப்பட்டனர். மலேசியாவில் 1992இல் நீண்ட முடியுள்ள ராக் பாடகர் சர்க்கார் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றலாகாது என்று விதித்ததும், ‘சர்ச்’, ‘விங்ஸ்’ முதலிய குழுவினர் முடி வெட்டிக்கொள்ள நேர்ந்ததும் அந்நாட்டார் அறிந்த செய்திகளே.

வாலிபரிடையே போதைப் பழக்கம் பரவுமென்னும் அச்சமே இவற்றுக்குக் காரணமெனப்பட்டது. அவ்வச்சம் முழுவதும் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் மயிரைக் கத்தரித்தால் போதை ஒழியும் என்பது மெய்யானால், வைத்தியர்களை வீட்டுக்கனுப்பிவிட்டு முடிதிருத்துவோரையே ஆஸ்பத்திரிகளுக்குத் தலைவராக்கியிருக்கலாமே!

நிற்க. அதே ரம்லி சாரிப்பின் குரலில் 2019இல் சிங்கப்பூரின் தேசிய கீதம் புதிய முறையில், மெல்ல நடக்கும் கதியில், பாடி வெளியிடப்பட்டது. 1958இல் சுபிர் சாயித் இயற்றிய கீதம் அது. கேட்டு உருகினவரும் உண்டு. எழுச்சிப் பாட்டைச் சோகப் பாட்டாக்கிவிட்டார் என்று குறைகூறினவரும் உண்டு. அவ்வழக்கில் நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. ஒரு நாடு தன் கீதத்தையே ஒருவனுடைய தொண்டையில் ஒப்படைப்பதைவிடப் பெரிய மரியாதை வேறு யாது? குரல் அதே குரல்தான். பாடும் நெறியும் அதே நெறிதான். மாறியது அவருடைய வயது ஒன்றே. இருபது வயதில் ஆபத்தானவன் அறுபது கடந்த வயதில் தேசத்தின் செல்வமாகிவிடுகிறான்! இதற்கிடையே கழிந்த நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு எந்தப் பதக்கம் ஈடாகும்?

நம்மினத்தார் கதையும் வேறன்று. பினாங்கில் தோன்றிய ‘அலீகேட்ஸ்’ குழுவின் டேவிட் ஆறுமுகமும் அவர் தம்பி லோகநாதனும் தமிழர். புதர்போல் அடர்ந்த சுருள்முடியோடு மேடையேறி, மலாய் மொழியில் பாடிப் புகழ்பெற்றவர்கள். அவர்களுக்கு மெட்டமைத்துத் தந்தவர்களுள் ஒருவரான எம். நாசிர் 1957இல் சிங்கப்பூரில் பிறந்து, தாமும் பெரிய ராக் பாடகராக விளங்கியவர். லோகநாதன் 2007இல் காலமானார். டேவிட் ஆறுமுகமும் எம். நாசிரும் மலேசியாவில் டத்தோ பட்டம் பெற்றனர். டத்தோ ஆறுமுகம் நம்மவர் என்று தோட்டத்திலும் பட்டணத்திலும் நாம் மார்தட்டிக்கொள்கிறோம். நல்லது. ஆனால் பட்டமில்லாத ஓர் ஆறுமுகம் இன்று கையில் கிட்டாரும் தலையில் புதர்முடியுமாக நம் வீட்டு வாயிலில் வந்து நின்றால் என்ன சொல்வோம்? “தம்பி, இதெல்லாம் சோறு போடுமா? போய்ப் படிக்கிற வழியைப் பார்” என்றுதானே சொல்வோம்?

இனி, சிங்கப்பூர்ச் சர்க்கார் வழங்கும் கலாசாரப் பதக்கத்தைப் பார்ப்போம். அது 1979இல் ஏற்பட்டது. பெறுகின்றவர் தம் கலைப்பணிக்காக 80,000 வெள்ளி வரை உதவி பெறவும் அதில் வழியுண்டு. நம்மவர் சிலரும் இதனை அடைந்திருக்கின்றனர். சேர்ந்திசை நடத்துநரான பால் அபிஷேகநாதன் 1986இலும், கிட்டார்க் கலைஞரான அலெக்ஸ் அபிஷேகநாதன் 1988இலும் பெற்றனர். இருவரும் தகுதியுடையோரே, ஐயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிட்டார் என்னும் கருவிக்கு ஆறு நரம்புகள். அதை மடியில் சாய்த்து உட்கார்ந்து, ஐரோப்பியச் சாஸ்திரிய சங்கீதம் வாசித்தால் அது கலை. அதே ஆறு நரம்புகளை மின்சாரத்தோடு பூட்டி, நின்றுகொண்டு வாசித்தால் அது காலித்தனம்! ஜாஸ் பியானோ வாசிக்கும் ஜெரமி மொன்டெய்ரோ 2002இலும், ஜனரஞ்சகப் பாட்டுகள் இயற்றிய டிக் லீ 2005இலும் இப்பதக்கம் பெற்றனர் என்பதைப் பார்க்கும்போது, கதவு சிறிது திறந்திருப்பது புலனாகிறது. ஆனால் ஜனங்கள் எந்த இசையை அதிகம் கேட்கிறார்களோ அந்த இசைக்குக் கதவு திறக்க 20 ஆண்டுகளுக்கு மேல் சென்றிருக்கிறது என்பதையும் மறத்தலாகாது.

“ராக் இசை அந்நிய இசை, நமக்கு எதற்கு?” என்பார் சிலர். வயலின் எந்த ஊர்க் கருவி? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் ஐரோப்பியரிடமிருந்து கற்றுக்கொண்ட கருவியன்றோ அது? இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி உண்டா? ஆர்மோனியத்தை 1940இல் அகில இந்திய வானொலி அந்நியக் கருவியென்று விலக்கிவைத்தது. முப்பதாண்டு சென்ற பின்னரே அத்தடை தளர்ந்தது. மாண்டலின் ஸ்ரீநிவாசுக்கு 1998இலும், சாக்சபோன் கத்ரி கோபால்நாத்துக்கு 2004இலும் பத்மஸ்ரீ வந்தது. ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் ராக் குழுவொன்றில் வாசித்துப் பழகியவர்தாம். ஆகவே அந்நியம் என்பது கருவியில் இல்லை. நம் அபிப்பிராயத்தில் இருக்கிறது. பிரபலமானவன் வாசித்தால் அந்நியக் கருவியும் நம் குலதனமாகிவிடுகிறது!

இந்த வெறுப்புக்கு இன்னும் ஆழமான வேர் ஒன்றுண்டு. அதை வெளிப்படையாகச் சொல்ல நம்மவர் கூசுகின்றனர். உட்கார்ந்து மீட்டும் இசை உயர்ந்தது. நின்று முழக்கும் இசை தாழ்ந்தது. தோலை அடிப்பவன் அடிமட்டத்தவன் என்னும் ஜாதிக் கணக்கே அது. பறையை ஒதுக்கிய மனம்தான் டிரம்மையும் ஒதுக்குகிறது. ஊரிலிருந்து கப்பலேறிய நம் பாட்டன்மார் துணிமூட்டையோடு இந்தக் கணக்கையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டனர். தமிழ்நாட்டில் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய சர்க்கார் பத்மஸ்ரீ அளித்தது 2025இல்! எத்தனை தலைமுறைப் பறைஞர் பெயரின்றி மறைந்த பின் வந்த மரியாதை இது என்று எண்ணிப்பாருங்கள். நம் தீவிலே உறுமி மேளம் கொட்டும் வாலிபரை இன்றும் எத்தனை பேர் ‘சண்டைக்காரப் பையன்கள்’ என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகின்றனர்! 1973இல் கலகத்துக்கு அஞ்சித் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்கள் தடுக்கப்பட்டன. 2016இல்தான் வழியில் குறித்த சில இடங்களில் நேர் இசைக்கு இடந்தரப்பட்டது. சிலர் செய்த கலகத்துக்குக் கருவி என்ன குற்றம் செய்தது?

சர்க்காரைக் குறைகூறுவது எளிது. நம் வீட்டைப் பார்ப்போம். சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள மண்டபங்களில் பாராட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. அங்கே பொன்னாடை யாருக்கு முதலில் போகிறது? நன்கொடை தந்தவருக்கு, தலைமை வகிக்க ஒப்புக்கொண்டவருக்கு, அவரை அழைத்துவந்தவருக்கு. பாட்டுப் பாடினவன் பெயர் நன்றியுரையில், அதுவும் நேரமிருந்தால், வருகிறது. ஒலிபெருக்கி கட்டின தொழிலாளிக்கும், டிரம் வாசித்த பையனுக்கும் ஒரு பொட்டலச் சோறு! இதற்குப் பெயர் கலைவளர்ச்சியாம்.

இதே நகரில் 1992இல் தோன்றிய ‘ருத்ரா’ என்னும் குழுவை நம்மில் எத்தனை பேர் அறிவர்? இந்திய வழியினரான வாலிபர் சேர்ந்து, ராக் இசையின் மிகக் கடுமையான பிரிவான மெட்டலில் வடமொழிச் சுலோகங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் புகுத்தி, கடல்கடந்த நாடுகளிலும் கேட்கச் செய்தனர். அக்கருத்துகள் நமக்கு உடன்பாடா இல்லையா என்பது வேறு விஷயம். 2009இல் யூஜீன் டைரியநாதன் என்னும் இசையாய்வாளர் அவர்களைப் பற்றிச் சர்வதேசச் சஞ்சிகையொன்றில் ஆய்வுரை எழுதினார். பிறநாட்டு அறிஞர் படித்துத் தெரிந்துகொள்ளும் நம் பிள்ளைகளை, நாம் அடுத்த தெருவிலிருந்தும் தெரிந்துகொள்ளவில்லையென்றால் அது யாருக்கு இழுக்கு?

“அப்படியானால் முதியோருக்கு விருதே வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும், தாராளமாக வேண்டும். தகுதியுள்ளவனுக்குச் சாகும்வரை கொடாமலிருப்பது இதனினும் பெரிய அநீதி. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன் பத்ம விருது எதுவும் பெறாமலே 2015இல் மறைந்தார். அதனால் சிறுமைப்பட்டது அவரல்லர், விருதுதான். நாம் சொல்வது ஒன்றே. விருது கடனைத் தீர்ப்பதன்று. கடன் இருந்ததை ஒப்புக்கொள்வது மாத்திரமே. கடனைத் தீர்க்க வேண்டிய காலம் கலைஞனுடைய வாலிபம். 1965இல் பீட்டில்ஸ் குழுவினருக்கு ஆங்கில அரசி பதக்கம் அளித்தபோது, முன்பு பதக்கம் பெற்ற சிலர் அவமானமென்று தம் பதக்கங்களைத் திருப்பியனுப்பினர். 1969இல் ஜான் லெனன் போர்க் கொள்கையைக் கண்டித்துத் தம் பதக்கத்தையே திருப்பியனுப்பினார். பதக்கம் போயும் பாட்டுப் போகவில்லை. பாட்டில்லாதவனிடம் பதக்கம் இருந்தும் பயனில்லை.

ஆகவே சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் நான்கு. முதலாவது, சமூகப் பணத்தில் எழுந்த மண்டபங்களை மாதத்துக்கு ஒரு மாலையேனும் வாலிப இசைக்குழுக்களுக்கு வாடகையின்றித் திறந்துவிடுங்கள். இரண்டாவது, மேடையில் வாசிப்பவன் எவனாயினும் அவனுக்குப் பேசிய கூலியை அன்றிரவே கொடுங்கள். ‘சேவை’ என்னும் சொல்லால் அவன் வயிற்றில் அடியாதீர்கள். மூன்றாவது, இசைவிழாவில் இசையறியாத கனவான்களுக்குப் பொன்னாடை போர்த்துவதை நிறுத்துங்கள். அப்பணத்தில் ஒரு பிள்ளைக்குக் கிட்டாரோ உறுமியோ வாங்கலாம். நான்காவது, நம் பழைய குழுக்களின் இசைத்தட்டுகளையும் படங்களையும் தேடிச் சேகரியுங்கள்; கேம்பல் சந்தில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தில் பழைய நகைகளுக்கு இடமிருக்கையில், ஒரு மின்சாரக் கிட்டாருக்கும் இடங்கேட்பது அதிகமன்று.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை வீட்டு அறையில் கிட்டாரை வைத்துக்கொண்டு காது செவிடுபடத் தட்டினால், கதவைச் சாத்துவதற்குமுன் ஒரு பாட்டையாவது முழுவதும் கேளுங்கள். நன்றாயிருந்தால் நன்று என்று சொல்லுங்கள். நன்றாயில்லையென்றால் அதையும் சொல்லுங்கள். ஐம்பதாண்டு கழித்து எவரோ அவனுக்குப் போர்த்தப்போகும் ஆடையைவிட, இன்று நீங்கள் கொடுக்கும் காது விலையுயர்ந்தது.